கழுத்துக் கட்டிக்கு வம்சாவளி போடுவது எப்படி

முப்பத்தொரு வருடம் வி.ஏ.ஓ. வேலை பார்த்தவன் நான். எழுதிக் கொடுத்த வம்சாவளிக்குக் கணக்கே இல்லை. ஊரில் யாராவது இறந்தால், காரியம் முடிந்த கையோடு வாரிசுச் சான்றுக்கு வந்து நிற்பார்கள். மனைவி யார், பிள்ளைகள் எத்தனை, விட்டுப்போன பேர் உண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, அறிக்கை எழுதித் தாசில்தாருக்கு அனுப்ப வேண்டும். அப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு: "பொண்ணு பேரை விட்டுருங்க சார், அதுக்குத்தான் சீர் செனத்தி எல்லாம் செஞ்சு முடிச்சாச்சே." விட முடியாது என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டிருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டுக்கே ஒரு வம்சாவளி போட வேண்டி வந்தது. நிலத்துக்கு இல்லை, கழுத்துக்கு. அதைப் போட்ட விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது "பாராகாங்கிலியோமா" என்றோ "கரோட்டிட் பாடி கட்டி" என்றோ ரிப்போர்ட் வந்திருந்தால் உதவும்.

என் தம்பிக்கு 38 வயதில் இடது தாடைக்குக் கீழே ஒரு கட்டி. வலி இல்லை. சவரம் செய்யும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. முதலில் பார்த்த இடத்தில் நெறி கட்டியிருக்கிறது, டி.பி.யாக இருக்கும் என்று இரண்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். கட்டி அசையவில்லை. அப்புறம் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். சிரிஞ்சில் வந்தது வெறும் ரத்தம். தம்பி மனைவி அந்தச் சிரிஞ்சைப் பார்த்துவிட்டு அன்று இரவெல்லாம் தூங்கவில்லை. இந்தக் கட்டி ரத்தக்குழாய்களின் முடிச்சு மாதிரி இருப்பது. ஊசியால் குத்துவதைத் தவிர்த்து, ஸ்கேன் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டியது என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்துப் பார்த்த பெரிய டாக்டர் இரண்டு விரலால் கட்டியைப் பிடித்தார். பக்கவாட்டில் தள்ளினார், நகர்ந்தது. மேலும் கீழும் தள்ளினார், நகரவில்லை. "டாப்ளரும் எம்.ஆர்.ஐ.யும் எடுங்க" என்றார். அந்தத் தள்ளலிலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையில் அரிசி மணி அளவுக்குக் கரோட்டிட் பாடி என்ற ஓர் உறுப்பு உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூளைக்குத் தகவல் சொல்வது அதன் வேலை. அது வீங்கினால் தமனியோடு ஒட்டிக்கொண்டே வளரும். அதனால்தான் பக்கவாட்டில் அசையும், தமனியின் நீளவாக்கில் அசையாது.

ஆபரேஷனுக்கு முன்பு அவர் தம்பியிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்: "உங்க அப்பாவுக்கு, அப்பா கூடப் பிறந்தவங்களுக்கு யாருக்காவது கழுத்துல கட்டி உண்டா?" இல்லை என்றேன். அது பொய் என்று எனக்கே மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஏன் அப்பா வழியைக் கேட்டார்?

இந்தக் கட்டி வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே ஒரு ஜீன் கோளாறு இருக்கிறது. பொதுவாகப் புற்றுநோய்களில் பரம்பரைப் பங்கு இதைவிட மிகக் குறைவு. தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகளில் அதிகம் அகப்படுவது எஸ்.டி.எச்.டி. என்ற ஜீன். பதினோராவது குரோமோசோமில் இருக்கிறது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்பு எரிகிறதே, அதில் ஆற்றல் எடுக்க உதவும் ஒரு நொதிக்கு இந்த ஜீன் ஒரு பாகம் செய்து கொடுக்கிறது. பாகம் பழுதானால் சக்சினேட் என்ற பொருள் தேங்குகிறது. அது தேங்கினால், மூச்சுக்காற்று தாராளமாக இருந்தும் "ஆக்சிஜன் போதவில்லை" என்று செல் தவறாக நினைத்துக்கொண்டு, ரத்தக்குழாய்களைப் பெருக்கிப் பெருக்கி வளர்கிறது. பெருவில் ஆண்டீஸ் மலை உயரத்தில் வாழ்பவர்களிடம் இதே உறுப்பு பெருத்திருப்பதையும், அங்கே இந்தக் கட்டி அதிகம் வருவதையும் 1970-களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆக்சிஜன் நிஜமாகவே குறைவு. எங்கள் வீட்டுக்காரர்கள் காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டே மலை ஏறியிருக்கிறார்கள்.

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. இந்த ஜீனின் பழுது அப்பாவிடமிருந்து வந்தால்தான் கட்டி வருகிறது. அம்மாவிடமிருந்து வந்தால் ஜீன் உடம்பில் இருக்கும், கட்டி வராது. விதிவிலக்குகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். 1989-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து மருத்துவர்கள் பெரிய பெரிய குடும்பங்களின் வம்சாவளியைப் போட்டுப் பார்த்தபோது இது பிடிபட்டது. எந்த ஜீன் என்றே அப்போது தெரியாது. அது தெரிந்தது 2000-ல். வெறும் கட்டமும் வட்டமும் வரைந்தே கண்டுபிடித்தார்கள் என்று படித்தபோது, என் பழைய உத்தியோகத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

காரணமாகப் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது: அதே பதினோராவது குரோமோசோமில் தள்ளி ஓர் இடத்தில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு ஜீன் இருக்கிறது, அது அம்மா கொடுத்த பிரதியில் மட்டுமே வேலை செய்யும். பழுது அப்பா பிரதியில் இருந்து, அம்மாவின் குரோமோசோம் முழுசாகத் தொலைந்தால், நல்ல எஸ்.டி.எச்.டி.யும் போச்சு, கட்டுப்பாடும் போச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பழுது அம்மா பிரதியில் இருந்தால் இது இவ்வளவு சுலபமாக நடப்பதில்லை.

படம் வரைதல்

ஒரு சார்ட் பேப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தில் ஆரம்பித்தால் சித்தப்பா வீட்டுக்குள் போவதற்குள் ஓரம் வந்துவிடும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கட்டி வந்தவருக்கு உள்ளே கறுப்பு. இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. யாரிலிருந்து விசாரணை ஆரம்பித்ததோ அவருக்கு ஓர் அம்புக்குறி. சொந்தத்துக்குள் கட்டிய ஜோடிக்கு இரட்டைக் கோடு. ஜீன் இருந்து கட்டி இல்லாதவருக்கு நடுவில் ஒரு புள்ளி. இதெல்லாம் டாக்டர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் குறிகள். எந்த ஊர் மரபணுப் பிரிவுக்குக் கொண்டுபோனாலும் படிப்பார்கள்.

வாரிசுச் சான்று போடும் பழக்கத்தோடு இதைப் போடாதீர்கள். நான் அந்தத் தப்பைத்தான் செய்தேன். அப்பா, அம்மா, தம்பி, நான், எங்கள் பிள்ளைகள் என்று அரை மணியில் முடித்துவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, "உங்க அத்தை எங்கே?" என்றார். இத்தனை வருடம் பெண் பேரை விடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், என் வீட்டுக் காகிதத்தில் அப்பாவின் தங்கையை விட்டிருந்தேன். சின்ன வயதில் இறந்த பிள்ளைகள், இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள், சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் எல்லாரும் படத்தில் வர வேண்டும்.

நம் மொழியில் ஒரு வசதி, உறவின் பேரே வழியைச் சொல்லிவிடுகிறது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்றால் அப்பா வழி. மாமா, பெரியம்மா, சித்தி என்றால் அம்மா வழி. ஆனாலும் கிராமத்தில் சித்தப்பா மனைவியும் சித்திதான், அம்மாவின் தங்கையும் சித்திதான். அதனால் முறையை மட்டும் எழுதாமல், யாருக்குப் பிறந்தவர் என்பதைக் கோடு போட்டுக் காட்டுங்கள்.

முதலில் எல்லாக் கோடும் பென்சிலில் இருக்கட்டும். எந்த ஜீன் என்று ரிசல்ட் வந்த பிறகுதான் கலர். நான் செய்தது இது: அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் கோடு நீலம், அம்மாவிடமிருந்து இறங்கும் கோடு சிவப்பு. எஸ்.டி.எச்.டி. என்றால் நீலக் கோட்டில் வந்தது விழித்திருக்கும், சிவப்புக் கோட்டில் வந்தது தூங்கும். தூங்குவது செத்துப்போகவில்லை. அது வந்தது ஓர் ஆண்பிள்ளைக்கு என்றால், அவனுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு நீலக் கோட்டில் இறங்கி விழித்துக்கொள்ளும். இந்த விதி எஸ்.டி.எச்.டி.க்கும், எஸ்.டி.எச்.ஏ.எஃப்.2 என்ற அபூர்வமான இன்னொன்றுக்கும் பொருந்தும். எஸ்.டி.எச்.பி. என்ற வேறொரு ஜீன் என்று வந்தால் அப்பா அம்மா வித்தியாசமே கிடையாது. கலர் பென்சிலை எடுத்து வைத்துவிடலாம். அந்த வகையில் கட்டி வேறு இடங்களுக்குப் பரவும் அபாயமும் கூடுதல் என்பதால் கண்காணிப்பு இன்னும் கறாராக இருக்கும்.

பெரியவர்களிடம் கேட்பது

"கட்டி இருந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். நானே அப்படித்தானே சொன்னேன். வேறு மாதிரி கேட்க வேண்டும். கடைசிக் காலத்தில் குரல் கம்மிப் போச்சா? தண்ணீர் குடித்தால் புரை ஏறியதா? நாக்கை நீட்டினால் ஒரு பக்கம் சாய்ந்ததா? காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து சத்தம் கேட்டதா? திடீரென்று வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, தலை வலித்து, பிரஷர் எகிறியதா? கழுத்தில் தையல் தழும்பு உண்டா?

காதுச் சத்தம் என்று கேட்டதும் அம்மா சொன்னார்: "உங்கப்பா ராத்திரியில வலது காதைத் தலையணையில வெச்சுப் படுக்க மாட்டாரு. உள்ள யாரோ நெல்லு குத்துறாங்கன்னு சொல்வாரு." நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்து எனக்குத் தெரியாத சங்கதி. நடுக்காதிலும் மண்டையோட்டின் அடியிலும் இதே பாராகாங்கிலியோமா வகைக் கட்டி வந்தால் அப்படித்தான் கேட்குமாம். அப்பா 71 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். சோதித்துப் பார்க்க வழியில்லை. அவர் சதுரத்தில் கறுப்பு அடிக்காமல், பக்கத்தில் "காதில் சத்தம், வலது" என்று மட்டும் எழுதினேன். தெரிந்ததை எழுதுங்கள், ஊகத்தைக் கறுப்பாக்காதீர்கள்.

கல்யாண ஆல்பங்களையும் எடுத்துப் பாருங்கள். சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணப் போட்டோவில் மாலைக்கு மேலே, இடது தாடைக்குக் கீழே ஒரு புடைப்பு. எல்லாரும் அதைக் கொழுப்புக் கட்டி என்றே நினைத்திருந்தோம். இறப்புப் பதிவேட்டை நம்பி அலைய வேண்டாம். அதில் காரணம் என்ற கலத்தில் "முதுமை" என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்.

ரத்தம் கொடுப்பது

முதலில் கட்டி வந்தவருக்குத்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும். "எனக்கு வருமா பாருங்க" என்று நல்லா இருக்கிறவர் முதலில் ஓடினால், இல்லை என்று வரும் பதிலுக்கு அர்த்தம் இல்லாமல் போகும். எதைத் தேடுகிறோம் என்றே தெரியாதே. ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் சில மில்லி ரத்தம், அவ்வளவுதான். வெறும் வயிறு தேவையில்லை. ஒரு ஜீனை மட்டும் பார்க்காமல் எஸ்.டி.எச். குடும்பம் முழுவதும், வி.எச்.எல்., ரெட் போன்ற வேறு ஜீன்களும் சேர்ந்த பேனலாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஜீனில் ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் சாதாரண முறையில் தப்பிவிடலாம்; "டெலிஷனும் பார்ப்பீங்களா?" என்று லேபில் கேட்டுவிடுங்கள்.

கட்டி வந்தவர் உயிரோடு இல்லை, ஆனால் எப்போதோ ஆபரேஷன் நடந்தது என்றால், அந்த ஆஸ்பத்திரியின் பெத்தாலஜி பிரிவில் மெழுகுக் கட்டியில் திசு பத்திரமாக இருக்கலாம். எழுத்து மூலம் மனு கொடுத்துக் கேளுங்கள். அந்தத் திசுவில் எஸ்.டி.எச்.பி. சாயம் போட்டுப் பார்ப்பார்கள். பழுப்பு நிறம் பிடிக்கவில்லை என்றால் எஸ்.டி.எச். ஜீன்களில் ஏதோ ஒன்று பழுது என்று அர்த்தம்; எந்த ஒன்று என்பதற்கு மேற்கொண்டு டெஸ்ட் வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் பார்ப்பது ஒரு சொல்லைத்தான்: பாத்தோஜெனிக்கா இல்லையா. "பாத்தோஜெனிக்", "லைக்லி பாத்தோஜெனிக்" இரண்டையும் பழுது என்றே எடுத்துக்கொள்வார்கள். நடுவில் "வி.யூ.எஸ்." என்று ஒன்று வரும். மாற்றம் இருக்கிறது, அது நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். அதை வைத்துக்கொண்டு வீட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே லேபில் மறுபடி கேட்டால் வகை மாறியிருக்கலாம்.

நிச்சயமான பழுது என்றால் அந்த ரிப்போர்ட் நகல்தான் இனி குடும்பத்தின் மூலப்பத்திரம். மற்றவர்களுக்கு முழு பேனல் வேண்டாம். அந்த ஒரு எழுத்து மாற்றம் மட்டும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். செலவு நன்றாகக் குறையும். நகல் இல்லாமல் போனால் லேபில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

தம்பிக்கு வந்தது எஸ்.டி.எச்.டி. பழுது. எனக்கும் அதே இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் வலது பக்கம் 14 மி.மீ. கட்டி. எடுக்கவில்லை. இவை பெரும்பாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். கத்தி வைத்தால் நாக்கு நரம்பும் குரல் நரம்பும் பக்கத்திலேயே இருக்கின்றன. தம்பிக்கு இடதை எடுத்த பிறகு ஆறு மாதம் குரல் காற்றாகத்தான் வந்தது. அவனுக்கு வலதிலும் சின்னதாக ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் எடுத்தால் ரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் ஏற்பாடே குலைந்துபோகலாம் என்பதால் அதை விட்டு வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் பிரஷரும், கட்டி அட்ரினலின் மாதிரிச் சுரப்பை ரத்தத்தில் கொட்டுகிறதா என்று காட்டும் மெட்டாநெஃப்ரின் டெஸ்டும் பார்க்கிறோம். அந்த ரத்தத்தைப் படுக்க வைத்து 20, 30 நிமிடம் கழித்து எடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும். போனவுடனே உட்கார வைத்துக் குத்த வந்தால் நிறுத்திக் கேளுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண்டையோட்டின் அடியிலிருந்து இடுப்பு வரை எம்.ஆர்.ஐ. அப்பா வழியில் எஸ்.டி.எச்.டி. வந்த பிள்ளைகளுக்கு 10 முதல் 15 வயதுக்குள் முதல் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள், எஸ்.டி.எச்.பி. என்றால் 6 முதல் 10.

அத்தை வீடு

இங்கேதான் நான் ரொம்ப நாள் திண்டாடினேன். அத்தைக்கு 78 வயது. போன் பண்ணினால், "எனக்கு ஒண்ணும் இல்லடா. என் புள்ளைக்கும் ஒண்ணும் இல்ல. அது உங்க ஆம்பளைங்க வீட்டுச் சீக்கு" என்றார். அத்தை மகன், என் மச்சானுக்கு 55 வயது, கல் மாதிரி இருக்கிறார். எல்லாரும் "அந்த வீட்டுக்கு வராது" என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் படத்தில் விரல் வைத்துப் பாருங்கள். தாத்தாவிடமிருந்து அத்தைக்கு நீலக் கோடு. கட்டி வந்திருக்கலாம், அத்தை சம்மதித்து ஸ்கேன் எடுத்தபோது வலது பக்கம் 9 மி.மீ. ஒன்று இருந்தது. அத்தையிடமிருந்து மச்சானுக்குச் சிவப்புக் கோடு. அவர் கல் மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம். மச்சானிடமிருந்து அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் மறுபடி நீலக் கோடு. மச்சானுக்கு ஜீன் இருந்தால் அந்தப் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. மச்சான் ரத்தம் கொடுத்தார். இருக்கிறது. அவர் வட்டாரத்தில் கட்டி என்ற பேச்சே எழுந்ததில்லை. ஒரு தலைமுறை சும்மா இருந்தால் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு முடிச்சு. மச்சான் கட்டியிருப்பது என் சித்தப்பா மகளை. மாமன் மகள் முறை. படத்தில் இரட்டைக் கோடு. இரண்டு பேருக்கும் ஜீன் இருந்தால் ஒரு பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு; அது கழுத்துக் கட்டிக் கதை இல்லை, குழந்தையின் மூளையையும் தசையையும் தாக்கும் கடுமையான மைட்டோகாண்ட்ரியா நோய். கருவே தங்காமலும் போகலாம். அதனால் சொந்தத்துக்குள் பெண் எடுத்த வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துப் பாருங்கள். சித்தப்பா மகளுக்கு இல்லை என்று வந்த அன்று மச்சான் எனக்குப் போன் பண்ணி எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வைத்துவிட்டார்.

சொல்லும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. நான் படத்தை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். அன்று சாயந்தரமே பெரியப்பா வீட்டிலிருந்து சண்டை. பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அவள் வட்டத்துக்குக் கேள்விக்குறி போட்டு ஊருக்கே காட்டிவிட்டேனாம். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அழித்துவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், டாக்டர் கொடுத்த கடிதத்தையும் ரிப்போர்ட் நகலையும் கவரில் போட்டுக் கொடுத்தேன். டெஸ்ட் எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம். பெரியப்பா வீட்டில் இன்னும் இரண்டு பேர் எடுக்கவில்லை. அவர்கள் கட்டம் காலியாகவே இருக்கிறது.

படம் இப்போது பீரோவில், பட்டா நகல்களோடு இருக்கிறது. தம்பியிடம் ஒரு பிரதி, மச்சானிடம் ஒரு பிரதி. என் மகனுக்கு ஜீன் இல்லை. அவனுக்குக் கீழே இனிக் கலர் தேவையில்லை. மகளுக்கு இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் அவளே சொல்லிவிட்டாள். இப்போது ஐந்து மாதம். கர்ப்பம் தரிக்கும் முன்பே மெட்டாநெஃப்ரின் பார்த்துவிட்டார்கள், சரியாக இருந்தது. ஆணா பெண்ணா தெரியாத குழந்தைக்குச் சாய்சதுரம் போட வேண்டும். அவள் வட்டத்துக்குக் கீழே பென்சிலில் அதைப் போட்டு, மேலே சிவப்புக் கோடு இழுத்து வைத்திருக்கிறேன்.